அல்லியை ஒருமுறை நேரில் பாருங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வளாகத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம், நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகப்பட்டிருந்த ஒரு தாளின் வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தது. வேட்டை நாய்களும் அவை போன்ற மூர்க்க இன நாய்களும் 60 நாள்களுக்குள் வளாகத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்றும், அதுவரை அவற்றை லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எழுபத்திரண்டு வீடுகள் உள்ள நமது வளாகத்தில் நாய் வளர்ப்போர் ஒன்பது பேர். அவர்களின் நாய்களுள் வேட்டை இனம் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. மூன்றாம் மாடியில், என் வீட்டில் இருக்கும் சிப்பிப்பாறை. பெயர் அல்லி. பன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் இது ஒரே ஒரு நாய்க்காக எழுதப்பட்ட தீர்மானம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்புறப்படுத்துதல் என்ற சொல்லையும் கவனித்தேன். குப்பைக்கும் ஆக்கிரமிப்புக்கும் நாம் வழங்கும் சொல் அது.

இதைத் திறந்த மடலாக எழுத வேண்டும் என்பது என் முதல் எண்ணமன்று. நவம்பர் 15 அன்றும் டிசம்பர் 1 அன்றும் இரண்டு கடிதங்களைச் செயலாளரிடம் நேரில் கொடுத்தேன். 36 ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்து ஊரார் கடிதங்களையெல்லாம் உரியவரிடம் சேர்த்தவனுக்கு, இரண்டு மாடி இறங்கிப்போய்க் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அந்தச் சேவையும் இந்த ஆண்டு விரைவுத் தபாலோடு கலந்துவிட்டது. உங்கள் கெடு வரும் ஜனவரி 8 அன்று முடிகிறது. எனவே அறிவிப்புப் பலகையிலும், இதைப் படிக்க விரும்பும் எல்லார் கையிலும் கிடைக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் என் தவறும் இருக்கிறது என்பதால். தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு, காலை ஆறேகால் மணிக்கு, அல்லியை வார்போட்டு வாகன நிறுத்தத்தின் வழியாக நடத்திச் சென்றுகொண்டிருந்தேன். சுற்றுச்சுவருக்கு அப்பால் யாரோ ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அவள் முன்னால் பாயவில்லை, பின்னால் இழுத்தாள். இந்த இன நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கமானது. சாதாரணக் கழுத்துப்பட்டை, பின்னால் இழுத்த மாத்திரத்தில் காது வழியாக வழுக்கிக் கழன்றுவிடும். இது சிறுவயது முதல் இந்த நாய்களோடு வளர்ந்த எனக்குத் தெரிந்திருந்தும், பழைய பட்டை ஈரமாக இருந்ததென்று அன்று வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். கழன்றுவிட்டது. அவள் வாகனங்களுக்கு இடையே ஓடினாள். சைக்கிளில் வந்த இரண்டாம் மாடிப் பையன் அவளைப் பார்த்ததும் பதறி, கீழே விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அல்லி அவனைக் கடந்து ஓடி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் ஒடுங்கி நின்றாள். நான் போய்த் தொட்டபோது அவள் உடல் முழுவதும் உதறிக்கொண்டிருந்தது.

அன்று காலையே காவலாளியின் அறையில், பையனின் தந்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேமராப் பதிவைப் பார்த்தோம். பதினொரு வினாடிகள். நாய்க்கும் பையனுக்கும் நடுவில் ஒரு காரின் அகலம் இருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. பையனிடமும் அவன் பெற்றோரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்கலாமே என்று அந்தத் தந்தையே கேட்டதாகவும், நேரமில்லை என்று சொல்லப்பட்டதாகவும் பிறகு அவர் என்னிடம் கூறினார். கூட்டத்துக்கான அழைப்பில் நாய்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாடியில் நீர்க்கசிவு, பராமரிப்புக் கட்டண உயர்வு, வாகன நிறுத்தத்துக்குத் தளக்கல் பதித்தல், கடைசியில் நாம் எல்லாரும் பார்த்துப் பழகிய "தலைவரின் அனுமதியுடன் இதர பொருள்கள்". அந்த இதர பொருள்களில் ஒன்றாகத்தான் என் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வாழும் ஓர் உயிர் சேர்க்கப்பட்டது. அன்று நான் விருதுநகரில் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். அழைப்பில் அந்தப் பொருள் இருந்திருந்தால் இரவோடு இரவாகப் பேருந்து ஏறி வந்திருப்பேன்.

நாய்க்கு அஞ்சுபவர்களை ஏளனமாகப் பார்ப்பவன் நான் அல்லன். தபால்காரனாக வேலையைத் தொடங்கியவன் அப்படி இருக்க முடியாது. 1987இல், மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு வாசற்படியில், மணியார்டர் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்நாளில் தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாக 14 ஊசி. அரசு மருத்துவமனை வரிசையில் அந்தப் பதினான்கு காலையும் நின்றவன், இன்றும் மூடிய கேட்டைத் திறக்குமுன் ஒருமுறை தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் திறப்பேன். கடித்த நாய் எது என்று கேட்பீர்களானால், முழங்கால் உயரம்கூட இல்லாத, வெள்ளைப் பஞ்சு உருண்டை போன்ற பொமரேனியன். அந்த வீட்டு அம்மாள், "இது ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அது தன் வேலையை முடித்திருந்தது.

அதற்காகப் பொமரேனியன்களை வளாகத்தில் தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய செய்தி வந்த அன்று, உங்களைப் போலவே எனக்கும் வயிறு கலங்கியது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுவந்து, எவரையும் கடிக்காத, அந்த இனத்தோடு எந்த உறவுமில்லாத ஒரு நாயின் மேல் இறக்கிவைப்பதற்கு, அதன் இனத்தின் மேல் வேட்டை என்ற சொல் ஒட்டியிருப்பதைத் தவிர வேறு எதையும் உங்கள் தீர்மானம் காரணமாகக் காட்டவில்லை.

அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் என்னுடையது. சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்கள். கோம்பை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயரையே இனப்பெயராகச் சுமக்கும் நாய்கள் இவை. கன்னி என்ற இனத்துக்கு மட்டும் ஊர்ப்பெயர் இல்லை. மணமாகிப் போகும் பெண்ணோடு சீராகக் கொடுத்தனுப்பும் நாய் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் ஐயா வைத்திருந்த செவலைச் சிப்பிப்பாறை, கம்பு அறுத்த காட்டில் முயல் ஒன்று எழும்பினால் மட்டும்தான் வேட்டை நாய். மற்ற நேரமெல்லாம் திண்ணையில் என் பாட்டியின் கால்மாட்டில் சுருண்டு கிடந்து, அவள் வார்க்கும் கம்பங்கூழைக் குடிக்கும் பிராணி. மோப்பத்தால் அன்றிக் கண்ணால் இரையைப் பிடிக்கும் ஓட்ட நாய் அது. தூரத்தில் சிறிதாக ஒன்று ஓடினால் அதன் பார்வை அங்கே போகும். அதுதான் அதன் வேட்டைக்குணம். மனிதரைத் துரத்துவதற்காக எங்கள் ஊரில் யாரும் அதை வளர்க்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைத் துரத்துவதும் குற்றம். அந்த நாய்களுக்கு அந்த வேலையும் போய், பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பெயருக்குத்தான் இன்று நீங்கள் நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்கள்.

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட், இராஜபாளையம். நான் அப்போது கவுண்ட்டரில் இருந்தேன். முதல் நாளே என் கைக்காசில் ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றும் எங்கள் வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே இந்த நாட்டு இனங்களைப் பெருக்கி விற்பதற்கு ஒரு பிரிவை நடத்திய காலம் ஒன்று இருந்தது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, வீட்டில் வளர்க்க இவற்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அரசு தபால்தலையில் அச்சிட்ட நாட்டு நாயை நம் வளாகம் படியேற விடமாட்டேன் என்கிறது.

அல்லி எங்களிடம் வந்தது 2022 ஆகஸ்ட்டில். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி நாட்டு மாடு, நாட்டு நாய் என்று ஓர் ஆர்வம் பிறந்தது நினைவிருக்கும். நல்ல ஆர்வம்தான், ஆனால் மாதம் பார்த்து, தாய் பார்த்து, இடம் பார்த்து வாங்காமல், படம் பார்த்து வாங்கியவர்களும் நிறைய. குட்டி ஆறு மாதத்தில் இடுப்புயரம் வளர்ந்து, ஓட இடமில்லாமல் சோபாவைக் கிழிக்கத் தொடங்கியதும், வாங்கியவர் அதை வண்டியில் ஏற்றிப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். வீதியில் பிறந்த நாய்க்கு வீதி தெரியும். வாலாட்டவும் ஒதுங்கவும் குப்பைத்தொட்டியில் தேடவும் அதற்குத் தாய் கற்றுக்கொடுத்திருக்கும். இந்த ஓட்ட நாய்க்கு அது எதுவும் தெரியாது; வண்டி போன திசையைப் பார்த்து ஓடத்தான் தெரியும். வண்டலூருக்கு அருகே பெருஞ்சாலையோரம் அப்படி ஓடிக்கொண்டிருந்தவளைக் காப்பகத் தன்னார்வலர்கள் இரண்டு நாள் பின்தொடர்ந்து பிடித்தார்கள். பல்லைப் பார்த்து இரண்டு வயது இருக்கும் என்றார் மருத்துவர். கழுத்தைச் சுற்றி நைலான் கயிறு அறுத்த தழும்பு. அங்கே இனி முடி முளைக்காது.

முதல் இரவு அவள் படுக்கவில்லை. கூடத்தின் நடுவில் நான்கு காலில் நின்றுகொண்டே இருந்தாள். கண் செருகும், தலை தாழும், முன்னங்கால் மடங்கும், திடுக்கிட்டு மறுபடி நிமிர்வாள். விடியற்காலை நான்கு மணிக்கு என் மனைவி தன் பழைய சுங்குடிச் சேலையை நான்காக மடித்துத் தரையில் போட்டு, அதன் ஓரத்தில் தானும் உட்கார்ந்தாள். பிறகுதான் அல்லி மெல்ல முழங்காலை மடித்தாள். அந்தச் சேலை இன்றும் அவள் படுக்கை. துவைப்பதற்கு எடுத்தால், காய்ந்து வரும்வரை கொடிக்குக் கீழேயே நிற்பாள்.

மூர்க்க இனம் என்கிறீர்கள். குக்கர் விசில் அடித்தால் குளியலறைக்குள் போய்விடுகிறவள் அவள். மூன்றாவது விசிலும் அடங்கி, அடுப்பை அணைத்த பிறகுதான் எட்டிப் பார்ப்பாள். லிப்டின் எஃகுக் கதவைக் கண்டால் கால் நகராது. ஆகவே உங்கள் லிப்ட் தடை அல்லியைப் பாதிக்கவில்லை. நாள்தோறும் நான்கு முறை அவளோடு மூன்று மாடி ஏறி இறங்குகிற என் முழங்காலுக்கு வந்த பாதிப்பு அந்தத் தடைக்கும் முந்தியது. ஆனால் அவளுக்கும் ஒருநாள் வயதாகும். முதல் மாடியிலுள்ள முதிய லேப்ரடாருக்கு இப்போதே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதை மூர்க்க இனம் போன்றது என்று நாளை யாராவது சொன்னால் அந்தக் குடும்பம் 35 கிலோ நாயைத் தோளில் சுமக்குமா?

அதே கூட்டத்தில், நாயை நான் பட்டினி போடுவதாகவும் ஒரு புகார் எழுந்ததாம். விலா எலும்பு தெரிகிறதே என்றார்களாம். மூர்க்கம் என்றும் பட்டினி என்றும் ஒரே நாய்மேல் இரண்டு குற்றச்சாட்டு. இந்த இனத்தில் ஒட்டிய வயிறும், ஆழ்ந்த மார்புக்கூடும், கடைசி மூன்று விலாக்கள் கண்ணுக்குத் தெரிவதும் நலமான உடலின் அடையாளம். விலா மறைந்தால்தான் மருத்துவர் கோபிப்பார். கொழுப்பு அவ்வளவு குறைவு என்பதால்தான் மார்கழி அதிகாலையில் அவளுக்கு நாங்கள் பழைய ஸ்வெட்டரை மாட்டுகிறோம். கருத்தடை அறுவைக்காக அழைத்துப் போனபோது, இந்த உடம்புக்கு மயக்க மருந்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் தனியாகக் குறித்துக்கொண்டதும் அதனால்தான். கம்பு, முட்டை, கோழி, தயிர்சாதம் என்று என் வீட்டில் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறவள் அவள்தான்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள், நமக்கு யாருக்கும் மறந்திருக்காது. மடிப்பாக்கம் முழுவதும் தண்ணீர். நமது தரைத்தளத்தில் இடுப்பளவு. மின்சாரம் இல்லை. தரைத்தளத்து ஐந்து குடும்பங்களும் மேலே வந்தன. எங்கள் வீட்டிலும், வெளியே மாடிப்படித் தளத்திலுமாகப் பதினேழு பேர் இரண்டு இரவு படுத்தோம். அதில் எண்பத்தொரு வயது மூதாட்டி ஒருவர். அவர் கால்கள் சில்லிட்டுப் போயிருந்தன. போர்த்த இருந்த போர்வையெல்லாம் ஈரம். அல்லி தானாக எழுந்து போய் அவர் பாதங்களின்மேல் தன் வயிற்றை வைத்துப் படுத்தாள். நாயின் உடல்சூடு மனிதரைவிடச் சற்று அதிகம். இரண்டு இரவும் அங்கேதான் படுத்திருந்தாள். குழந்தைகள் அவளைத் தாண்டிக் குதித்தார்கள், வாலை மிதித்தார்கள், ஒரு முறை எழுந்து இடம் மாற்றிக்கொண்டதைத் தவிர அவள் எதுவும் செய்யவில்லை. அந்த மூதாட்டி இன்றைய செயற்குழு உறுப்பினர் ஒருவரின் தாயார். யாரென்று எழுத மாட்டேன். அந்த உறுப்பினரும் நவம்பர் 9 அன்று கைதூக்கினார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்த இந்த மடலை எழுதவில்லை. ஆனால் ஒரு சங்கம் தீர்மானம் போடுமுன் சட்டத்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்திய விலங்கு நல வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கி, பல ஆண்டுகள் நம் திருவான்மியூரிலிருந்தே இயங்கிய அமைப்பு. அது 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பான்மை ஒப்புதல் இருந்தாலும், துணைவிதியைத் திருத்தினாலும், வளர்ப்பு நாய்களுக்குச் சங்கம் தடைவிதிக்க முடியாது என்றும், உருவத்தை வைத்து நாய்களைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும், லிப்டை மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நாயைக் கட்டி நடத்துவதும், கழிவை அள்ளுவதும் வளர்ப்போரின் பொறுப்பு என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அதை நான் ஏற்கிறேன், செய்தும் வருகிறேன். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு அனுப்பிய சுற்றறிக்கையை யாரோ கூட்டத்தில் குறிப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பட்டியலில் சிப்பிப்பாறை இல்லை. நமது நாட்டு இனம் எதுவுமே இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது.

இன்னொன்று. அல்லியை நான் எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று உங்கள் தாள் சொல்லவில்லை. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் முதல் முறைக்கு அதிகபட்சம் ஐம்பது ரூபாய்தான். 1960இல் நிர்ணயித்த ஐம்பது, இன்றும் ஐம்பது. அந்தத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்கக்கூடிய ஒருவர்தான் வண்டலூர்ச் சாலையில் அவளை முதலில் இறக்கிவிட்டார். இரண்டாவது ஆளாக நான் இருக்கப் போவதில்லை.

இனி, தீர்மானத்தில் எழுதாமல் நீங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

அல்லிக்கு முன் எங்களிடம் கருப்பன் இருந்தான். கருங்கன்னி, புருவத்துக்கு மேல் இரண்டு செம்புள்ளி. 2008இல் என் தங்கை தன் ஊரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாள். 2021 மே மாதம், ஊரடங்கில், என் மடியில் இறந்தான். அந்த நாள்களில் அவனை வெளியே எங்கும் கொண்டுபோக வழியில்லை. அன்றைய செயற்குழு கூடிப் பேசி, நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதி, வடகிழக்கு மூலைப் புங்கமரத்தடியில் புதைத்துக்கொள்ள அனுமதித்தது. நான்கடி ஆழம் தோண்டி, சுண்ணாம்பும் உப்பும் போட்டு மூடினோம். தோண்டுவதற்கு மண்வெட்டி கொடுத்தவர் இன்றைய பொருளாளர். அதை நான் மறக்கவில்லை. மேலே ஓர் உடைந்த அம்மிக்கல்லை வைத்தேன். என் அம்மா நாற்பது ஆண்டு அரைத்து நடுவில் குழிந்துபோன கல் அது. ஊர் வீட்டை விற்றபோது பாதி உடைந்து கிடந்ததை எடுத்து வந்தது. பெயர் எதுவும் பொறிக்கவில்லை. மழை பெய்தால் அந்தக் குழியில் ஒரு கை நீர் நிற்கும். அணில்கள் வந்து குடிக்கும். அல்லி வந்த முதல் வாரத்திலிருந்தே நடை முடிந்ததும் அந்த மரத்தடிக்குப் போய் முகர்ந்துவிட்டுத்தான் படியேறுவாள். முன்னால் இருந்தவனை அவள் அறிந்தாள் என்று கற்பனை செய்பவன் அல்லன் நான். அணில் வாசனையாகத்தான் இருக்கும்.

நவம்பர் கடைசி வாரத்தில் தளக்கல் பதிக்க வந்தவர்கள் அந்தக் கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு இருசக்கர வாகனங்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. கேட்டதற்கு, "ஒரு நாய்க்கு இதெல்லாம் தேவையா சார்?" என்று மேற்பார்வை பார்த்த உறுப்பினர் சொன்னார்.

தேவைதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது; மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது, ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழையது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அதில் அவன் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, தன் தலைவனின் பக்கத்தில் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. அரசனின் ஆட்சியாண்டைப் பொறித்த கல்லில் நாயின் பெயரையும் பொறிக்க அந்த ஊராருக்குக் கைவந்தது. எங்கள் கருப்பன் கள்ளன் எவனையும் பிடித்ததில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நான் வேலைக்குப் போகும்போது வாசலிலும் திரும்பும்போது வாசலிலும் நின்றான், அவ்வளவுதான். அதற்கு ஒன்றரை அடி அகலக் கல் ஒன்று அதிகமில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. நவம்பர் 9 தீர்மானத்தை உடனே நிறுத்திவைத்து, ஜனவரி 8 கெடுவை எழுத்துமூலமாக விலக்கிக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பு என்ற பொருளை அழைப்பில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, 15 நாள் முன்னறிவிப்போடு பொதுக்குழுவைக் கூட்டுங்கள். அங்கே அந்தப் பதினொரு வினாடிப் பதிவை எல்லார் முன்னிலையிலும் போட்டுக் காட்டுங்கள். லிப்ட் தடையை எல்லா நாய்களுக்கும் சேர்த்து நீக்குங்கள். நாயோடு ஏற அஞ்சுபவர் நின்றால் வளர்ப்பவர் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள், நான் முதலில் கையெழுத்திடுகிறேன்.

இனத்தின் பெயரை வைத்து அன்றி நடத்தையை வைத்து விதி வகுக்கும்படி கேட்கிறேன். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பொது இடத்தில் வார், கழிவை அள்ளும் கடமை, உண்மையில் கடித்தால் வளர்ப்பவர் ஏற்க வேண்டிய பொறுப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக எழுதுங்கள். அல்லியின் உரிமம், ஊசிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். தலைவழி கழலாத, இழுத்தால் சற்றே இறுகும் இரண்டு அங்குல அகலப் பட்டையை அந்த நிகழ்ச்சிக்கு மறுநாளே வாங்கிவிட்டேன்; அது இல்லாமல் இனி அவள் வாசல் தாண்ட மாட்டாள். அறியாத நாய் எதிரே வந்தால் ஓடாமல் நிற்பது எப்படி என்று நம் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கக் கால்நடை மருத்துவர் ஒருவரை அழையுங்கள்; செலவு என்னுடையது.

முடிவெடுக்குமுன் செயற்குழுவினர் ஒருமுறை மூன்றாம் மாடிக்கு வந்து அல்லியைப் பாருங்கள். தொட வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு வந்தால் நல்லது, அது குக்கர் வைக்கும் நேரமன்று.

இந்த மடலுக்கு டிசம்பர் 31க்குள் கையொப்பமிட்ட பதிலை எதிர்பார்க்கிறேன்.

கருப்பனின் கல்லைப் புங்கமரத்தடியில் பழைய இடத்திலேயே திரும்ப வையுங்கள். அது இப்போது கீழ்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், உடைந்த தளக்கல் குவியலுக்கு அடியில், குழிந்த பக்கம் தரையைப் பார்த்தபடி கிடக்கிறது. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மடிப்பாக்கம், சென்னை